திருவண்ணாமலை அணைந்த எரிமலையா?

திருவண்ணாமலை நகரின் மேற்கே தனித்து நிற்கும் அண்ணாமலை, கடல்மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரமுள்ளது. சுற்றிலும் உள்ள சமவெளி ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மலை தரையிலிருந்து 600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. வேங்கிக்கால் ஏரிக்கரையிலிருந்து தென்மேற்கே பார்த்தால் அது ஏறத்தாழ ஒரு கூம்பு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க நடக்க அந்தக் கூம்பு கலைந்து, தோள்களும் மடிப்புகளும் வெளிப்பட்டு, ஓரிடத்தில் ஐந்து முகடுகளாகத் தெரிகிறது. பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரியது இது. கார்த்திகை தோறும் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது.

கூம்பு வடிவம், நெருப்பு மரபு, தனித்து எழுந்த தோற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு கேள்வியை நெடுங்காலமாக எழுப்பி வந்திருக்கின்றன: இந்த மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா? தல வரலாற்று நூல்கள், பயண நூல்கள், நாளிதழ்களின் ஆன்மிக இணைப்புகள், நிலவியல் அறிக்கைகள் எல்லாம் இதற்கு வெவ்வேறு பதில் தருகின்றன. எந்தப் பதில் எங்கிருந்து வந்தது, எது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அக்கினி மலை என்னும் மரபு

அடிமுடி காணாச் சோதியாகச் சிவன் நின்றதும், அந்தச் சோதி அன்பர்களுக்காகக் குளிர்ந்து மலையானதும் அருணாசல மாகாத்மியம் சொல்லும் வரலாறு. 17ஆம் நூற்றாண்டில் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் இதைத் தமிழில் விரித்துப் பாடியது. கிருத யுகத்தில் அக்கினி மலை, திரேதா யுகத்தில் மாணிக்க மலை, துவாபரத்தில் பொன்மலை, கலியுகத்தில் கல்மலை என்ற வரிசை இன்றும் கிரிவலம் வரும் எவருக்கும் தெரிந்தது.

இந்த மரபு மலையை எரிமலை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சோதி பூமியின் உள்ளிருந்து வெடித்து வந்ததாகவோ, குழம்பு ஓடியதாகவோ, சாம்பல் பொழிந்ததாகவோ அதில் குறிப்பு இல்லை. பண்டை மக்கள் கண்ட எரிமலை வெடிப்பின் நினைவே புராணமானது என்று சிலர் பிற்காலத்தில் விளக்கம் தந்தனர். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நவீன மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இப்பகுதியின் பாறைகளோ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றின் பிறப்பைப் பார்த்து நினைவில் வைத்திருக்க அன்று விலங்குகள்கூட இல்லை. புராணத்தை நிலவியல் சாட்சியாக்குவது புராணத்துக்கும் நியாயம் செய்வதாகாது. அது சொல்ல வந்தது இறைவனின் எல்லையின்மையை.

எரிமலை என்ற சொல் நுழைந்த வழி

எரிமலை விளக்கம் அச்சு நூல்களில் பரவியது 20ஆம் நூற்றாண்டில். ரமண மகரிஷியைப் பற்றி மேலை நாடுகளுக்கு எழுதிய பால் பிரண்டன், அருணாசலத்தைப் பற்றி 1936இல் வெளியிட்ட நூலில், பண்டைக் காலத்து எரிமலைச் சீற்றத்தால் மலை மேலே தள்ளப்பட்டதாக ஓர் அமெரிக்க நிலவியல் நண்பர் கருதியதைப் பதிவு செய்தார். அவ்வாறு சொன்னதற்கு ஆதாரமாகப் பாறை மாதிரியோ கள ஆய்வோ நூலில் விவரிக்கப்படவில்லை. இருந்தும் பின்வந்த நூல்களில் அது "நிலவியலாளர் கூற்று" என்ற தகுதியைப் பெற்றுக்கொண்டது. ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன கருத்து, மேற்கோளுக்கு மேற்கோளாகக் கைமாறி, இன்று "விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்று எழுதப்படுகிறது.

அரசு நில ஆய்வாளர்கள் இப்பகுதிக்கு வந்தது அதற்கும் முன்பே. 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும், சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களில் சில பகுதிகளின் நிலவியலை 1864இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டனர். வட தமிழகத்தின் குன்றுகள் எரிமலைத் தொடராக அன்றி, மிகப் பழைய படிகப் பாறைகளின் தொகுதியாகவே அந்தக் காலம் முதல் வரைபடங்களில் இடம்பெற்று வந்தன. இரண்டு வழக்குகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்ந்தன என்று சொல்லலாம்.

எரிமலை விட்டுச்செல்லும் தடயங்கள்

முற்றிலும் அரித்துப் போகாதவரை, எரிமலை எத்தனை பழையதானாலும் சில அடையாளங்களை விட்டுச் செல்லும். வெளியே வந்த குழம்பு விரைவில் ஆறுவதால் அந்தப் பாறையின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. வாயு வெளியேறிய துளைகள் இருக்கும். சாம்பல் இறுகிய அடுக்குகள் இருக்கும். சில இடங்களில் குழம்பு சுருங்கி அறுகோணத் தூண்களாகப் பிளந்திருக்கும். கர்நாடகத்தின் உடுப்பிக்கு எதிரே உள்ள செயின்ட் மேரி தீவுகளில் அத்தகைய தூண்களைக் காணலாம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண எரிமலைப் பாறைகள் மகாராட்டிரத்தில் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கின்றன. அந்தமானின் பேரன் தீவில் இன்றும் குழம்பு எழுகிறது. 1916இல் அமைக்கப்பட்ட ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்காவில் நேற்று உறைந்த பாறையின் மேலேயே நடக்க முடியும்.

அண்ணாமலையில் இவற்றில் ஒன்றும் இல்லை. எரிமலை வாய் இல்லை, சாம்பல் அடுக்கு இல்லை, துளைப்பாறை இல்லை. அடிவாரத்தில் புதிதாக உடைபட்ட கல்லைக் கையில் எடுத்தால் அது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், சற்றே எண்ணெய்ப் பசையுள்ளது போல மின்னும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மணிகள் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். வெயிலும் மழையும் பட்ட பழைய முகம் மட்டும் பழுப்பேறியிருக்கும். மணிகள் இவ்வளவு பெரிதாக வளர நெடுங்கால வெப்பமும் ஆழமும் வேண்டும். தரைக்கு மேல் ஆறிய குழம்பில் இது நடக்காது.

எரிமலை அடையாளமாகக் காட்டப்படும் சில காட்சிகளுக்கு எளிய விளக்கம் உண்டு. உச்சிப் பாறையின் கரிய வழுவழுப்பு, ஆண்டாண்டாக எரியும் தீபத்தின் நெய்யும் புகையும் படிந்தது. விரூபாட்ச குகை போன்ற மலைக்குகைகள் குழம்பு ஓடிய சுரங்கங்கள் அல்ல. பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் பிளந்தும் உண்டான இடுக்குகள். சரிவெங்கும் கிடக்கும் உருண்டைப் பாறைகள் எரிமலை வீசியவையும் அல்ல. விரிசல்கள் வழியாக நீர் இறங்கிப் பாறையின் மூலைகளை மக்கச் செய்ய, நடுவில் மக்காமல் நின்ற பகுதியே உருண்டையாக எஞ்சியது. மலையின் காந்த சக்தி குறித்த பேச்சுக்கும் இப்படியோர் எளிய விளக்கம் உண்டு. இவ்வகைப் பாறைகளில் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் சிறிதளவு இருப்பது இயல்பு. வட தமிழகத்தின் பல குன்றுகளிலும் அது உண்டு.

பாறை பற்றிய வழக்கு

திருவண்ணாமலை வட்டாரம் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் ஆகிய பாறைகளால் ஆன நிலத்தொகுதியைச் சேர்ந்தது. இவற்றில் சார்னோக்கைட்தான் நிலவியலாளர்களிடையே நூறாண்டுக்கு மேல் விவாதத்தை நடத்தி வந்திருக்கிறது. எரிமலைக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள விவாதம் இது என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னைப் பரங்கிமலைப் பகுதியின் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவின் ஜாப் சார்னாக் கல்லறையில் பதிக்கப்பட்டது இவ்வகைக் கல். 1900இல் வெளியான தம் பெருநூலில் ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்றார். அதாவது பூமிக்குள் உருகிய குழம்பு ஆழத்திலேயே மெல்ல இறுகியது. பரங்கிமலைப் பாறை 1975இல் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1955இல் ஆர். ஏ. ஹோவி, சென்னைப் பாறைகளின் வேதியியலை ஆராய்ந்து, முன்பு தீப்பாறையாக இருந்தவை பெரும் ஆழத்தில் திட நிலையிலேயே மீண்டும் படிகமாயின என்ற கருத்தை முன்வைத்தார். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் வியப்பான ஒன்றைக் காட்டினார். அங்கே நைஸ் பாறையின் நடுவில், விரிசல்களை ஒட்டித் திட்டுத்திட்டாக, அதே பாறை சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையில் உறைந்திருந்தது. 1980களில் ஏ. எஸ். ஜனார்தன், ஆர். சி. நியூட்டன் உள்ளிட்டோர், ஆழத்திலிருந்து ஏறிய கரியமில வாயு நீரை விரட்டியதே இந்த மாற்றத்துக்குக் காரணமாகலாம் என்றனர். ஆனால் கப்பால்துர்காவின் கையகலத் திட்டுகளை வைத்து மலை மலையாக நிற்கும் சார்னோக்கைட்டை விளக்கிவிட முடியுமா என்ற எதிர்க்கேள்வி வலுவானது. இன்று பலரும் ஏற்பது இடைப்பட்ட நிலை: சில இடங்களில் குழம்பிலிருந்து நேராக இறுகியது, சில இடங்களில் உருமாறியது.

எந்தத் தரப்பை ஏற்றாலும் ஆழத்தில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இவ்வகைப் பாறைகளில் உள்ள கனிமங்கள் 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அல்லது அதற்கும் கூடுதலான ஆழத்தின் அழுத்தத்தையும் காட்டுகின்றன. அந்த ஆழத்தில் எரிமலை இருக்க முடியாது.

எரிமலைக் கருத்துக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. இப்பாறைகளின் மூலப்பொருள், பண்டைய நிலத்தட்டு ஒன்றன்கீழ் மற்றொன்று புதைந்த ஓர் எல்லையில் உண்டான குழம்பு என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அது உண்மையானால் அன்றைய தரைமட்டத்தில், இன்றைய மலையுச்சிக்கும் இருபது கிலோமீட்டர் மேலே, எரிமலைகள் இருந்திருக்கலாம். அவை முற்றிலும் அரித்துப் போய்விட்டன. அண்ணாமலை அவற்றின் வேரைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை.

அண்டையில் குழம்பு ஏறிய இடங்கள்

வட்டாரத்தில் குழம்பு மேலெழுந்த தடயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் பழைய பாறையைக் கீறிக்கொண்டு கரிய டாலரைட் சுவர்கள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. நிலவியலில் இவற்றை டைக் என்பார்கள். கல் வணிகத்தில் கறுப்பு கிரானைட் என்று விலைபோவது பெரும்பாலும் இதுதான். சார்னோக்கைட்டைவிட இளையவை என்றாலும் நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. தொல்காந்தவியல் ஆய்வுகளில் திருவண்ணாமலை டைக்குகளுக்குத் தனி இடம் உண்டு. மேற்கே ஏலகிரி, சேவத்தூர், சாமல்பட்டி ஆகிய இடங்களில் சயனைட், கார்பனடைட் பாறைகள் ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊடுருவின. எரிமலையியலில் ஆர்வமுள்ளவர்கள் தேட வேண்டிய இடங்கள் இவையே.

260 கோடி என்ற எண்

மலையின் வயது 260 கோடி ஆண்டுகள் என்றும், அதைச் சொன்னவர் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி என்றும் தமிழ் ஆன்மிக நூல்கள் பலவற்றில் காணலாம். சாஹ்னி (1891–1949) லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்தை நிறுவிய பேரறிஞர். அவருடைய துறை தாவரப் புதைபடிவங்கள். அண்ணாமலையின் படிகப் பாறையில் புதைபடிவம் இருக்க வழியில்லை. அவர் மறைந்த பிறகே, 1950களில், பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கிளேர் பேட்டர்சன் நிறுவினார். அதற்கு முன் பூமியின் வயதே உறுதியாகத் தெரியாத நிலையில் ஒரு தனி மலைக்கு அத்தகைய எண் அளவீட்டின் வழியே வந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

ஆனால் எண் உண்மைக்குத் தொலைவில் இல்லை. சிர்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளந்து, வட தமிழகச் சார்னோக்கைட் பகுதியின் மூலப்பாறைகள் சுமார் 270 முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகவும், பெரும் உருமாற்றம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகவும் ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். பெயர்தான் பொருந்தவில்லை, எண் ஓரளவு பொருந்துகிறது.

பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு

இந்த விவாதம் முழுவதிலும் அதிகம் குழம்பிப் போகும் இடம் இதுதான். "இமயத்தைவிடப் பழைய மலை" என்ற தொடர் எங்கும் வழங்குகிறது. பாறையைக் கணக்கில் கொண்டால் அது சரி. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆனால் அந்தப் பெருமை உச்சிக்கு மட்டும் உரியதன்று. வேங்கிக்காலில் ஒரு வீட்டின் கடைக்காலில் கொட்டிய ஜல்லிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். சமவெளிக்கு அடியில் இருப்பதும் அதே பழம்பாறைத் தொகுதி. மறுபுறம், இமயத்திலும் 180 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் பாறைகள் உண்டு.

மலை என்பது வடிவம். அந்த வடிவம் மேலே தள்ளப்பட்டு உண்டானதாகத் தெரியவில்லை. சுற்றிலும் இருந்தது போனதால் எஞ்சியது. விரிசல் நெருக்கமாக இருந்த பகுதிகளில் நீர் இறங்கிப் பாறை மக்கியது, ஆறுகளும் ஓடைகளும் அதை வாரிச் சென்றன. விரிசல் குறைந்த உறுதியான பகுதி நின்றது. செஞ்சிக் குன்றுகளும் இதே வழியில் நிற்பவைதான். இருபது கிலோமீட்டர் பாறை மேலிருந்து அகன்றபின் எஞ்சியது என்பது, வெடித்து எழுந்தது என்பதைவிடக் குறைந்த அதிசயமல்ல. அரிப்பு எந்தக் காலத்தில் விரைந்தது, இன்றைய உருவம் எப்போது அமைந்தது என்பதற்கு இந்த மலையளவில் விடை கிடைக்கவில்லை. பாறையின் வயதோடு ஒப்பிட்டால் இன்றைய உருவம் மிக இளையது என்பது மட்டும் உறுதி.

நீரும் மண்ணும் காடும்

இளம் எரிமலை நிலம் துளைகள் நிறைந்தது. மழைநீரைப் பஞ்சாக உறிஞ்சும். அண்ணாமலையின் பாறை நேர்மாறு. அதற்குத் துளை இல்லை; விரிசலில் மட்டுமே நீர் நிற்கும், ஓடும். மலைமேல் கந்தாசிரமப் பக்கத்துச் சுனையும் முலைப்பால் தீர்த்தமும் அப்படிப்பட்ட விரிசல்களின் கொடை. அடிவாரத்தில் போர் போடும்போது இது தெளிவாகத் தெரியும். முதலில் செம்மண், பிறகு மக்கிய சரளை, கேசிங் பைப் இறக்கியபின் சாம்பல் நிறப் பாறைத்தூள் மட்டுமே பறக்கும். ஒரு விரிசலில் பட்டால் தண்ணீர். படாவிட்டால் நூற்றுக்கணக்கான அடி தோண்டியும் தூள்தான். பக்கத்துப் பக்கத்து மனைகளில் ஒன்றில் ஊற்றும் மற்றொன்றில் வறட்சியும் இருப்பது இதனால்தான். இத்தகைய நிலத்தில் முன்னோர் ஏரிகளை நம்பியது அறிவார்ந்த முடிவு. வேங்கிக்கால் ஏரி அவ்வரிசையில் ஒன்று. பெருமழையில் அது நிரம்பி வேலூர் சாலைப் பக்கம் பெருகும்போது, நீரின் பழைய வழியில் புதிய கட்டடங்கள் எழுந்திருப்பது தெரியவருகிறது.

சம்பந்தர் பதிகம் இம்மலையை அருவிகள் ஆர்ப்பரிக்கும் இடமாகப் பாடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலை பெரிதும் மொட்டையாகிவிட்டது. விறகு வெட்டு, மேய்ச்சல், கோடைத் தீ மூன்றும் காரணம். மரம் போன இடத்தில் புல் வளர்ந்தது. அது காய்ந்ததும் தீ பற்றியது. தீ இளங்கன்றுகளைத் தின்றது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வனத்துறையும் தொண்டர் அமைப்புகளும், பின்னர் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும் நாட்டு மரங்களை நட்டு, தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி, பல சரிவுகளில் மீண்டும் காட்டைக் கொண்டுவந்துள்ளன. தமிழகத்தின் தேசியப் பூங்காக்கள் ஐந்தில் அண்ணாமலை இல்லை. காப்புக்காடு என்ற நிலையே அதற்கு உண்டு. ஆண்டு முழுவதும் லட்சக்கணக்கானோர் வலம் வரும் மலைக்கு அந்தக் காப்பு போதுமா என்பது தீவிரமாக எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

2024 டிசம்பர் தந்த விடை

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையின் நகர்ப்புறச் சரிவு பெயர்ந்தது. வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டின்மேல் விழுந்து குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். நிலவியல் ஆய்வுத் துறையினரும் மண் பொறியியல் வல்லுநர்களும் மலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

பாறை பற்றிய பழைய விவாதம் இங்கே உயிர் சம்பந்தப்பட்டதாகிறது. சரிவுக்கு இணையாகப் பாறை தகடு தகடாகப் பிரிந்திருக்கிறது. அதன்மேல் மக்கிய மண்ணும் உருண்டைப் பாறைகளும் மெல்லிய போர்வையாகக் கிடக்கின்றன. தொடர்மழையில் நீர் மண்ணுக்குள் நிறைந்து, அடியிலுள்ள வழவழப்பான பாறைமீது தேங்கினால், போர்வை வழுக்கும். மரவேர்கள் ஓரளவு பிடித்துக்கொள்ளும். தோண்டிச் சமப்படுத்திய அடிவாரம் அந்தப் பிடியைத் தளர்த்தும். இந்த மலையில் அஞ்ச வேண்டியது அடியிலிருந்து வரும் நெருப்பை அல்ல, மேலிருந்து இறங்கும் நீரையும் அது தளர்த்தும் மண்ணையும்.

தீராதவை

அண்ணாமலை எரிமலை அன்று என்பதில் இன்றைய சான்றுகள் ஐயத்துக்கு இடம் தரவில்லை. தீராதவை வேறு. மலையின் வெவ்வேறு முகடுகளில் எடுத்த மாதிரிகளைத் தனித்தனியே காலக்கணிப்பு செய்து, வட்டாரத்தின் 250 கோடி என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இங்குள்ள சார்னோக்கைட் குழம்பிலிருந்து இறுகியதா, உருமாறியதா என்பது சென்னையிலும் கர்நாடகத்திலும் கிடைத்த விடைகளை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாதது. பாறை முகத்தில் விண்கதிர்கள் உண்டாக்கும் பெரிலியம்-10 அணுக்களை அளந்தால், மலை எவ்வளவு மெதுவாக அரிபடுகிறது என்பதை அறியலாம்.

இவை காத்திருக்கக் கூடியவை. காத்திருக்க முடியாதது கிழக்குச் சரிவின் மண் ஆழத்தையும் தளர்ந்த பாறைகளையும் மனைவாரியாகக் காட்டும் வரைபடம். அதைத் தயாரித்து, அடிவாரத்தில் குடியிருப்போர் கையில் தமிழிலேயே கொடுக்க வேண்டும். கார்த்திகை தீபம் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே வருகிறது.